சுமையேறினால் சோரும் படகு எஞ்சின்



கலைக் கல்லூரியிலே சரித்திரமும் இலக்கியமும் கற்றுவிட்டு, மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கிக் காலம் கழிக்கும் நமக்கு மோட்டார் படகைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் நாம் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையால் தொட்டோம். தொட்ட அன்றே அதை மரை பிசகத் திருகி, பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவரிடம் வசவும் வாங்கிக்கொண்டோம். ஆயினும், அந்தப் பெரியவரிடம் கற்ற சில செய்திகள் மும்பையிலும் மங்களூரிலும் கொச்சியிலும் அந்தமானிலும் படகேறிப் பிழைக்கும் நம்மவர்க்குப் பயன்படும் என்ற துணிவினாலேயே ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். நாம் கொச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில், நம் மேசைக்கு ஒரு சிறு பிரசுரம் வந்து சேர்ந்தது. படகின் வெளிப்புறத்தில் மாட்டப்படும் எஞ்சினை, அதாவது அவுட்போர்டு எஞ்சினைப் பராமரிக்கும் முறைகளைக் கூறுவது அது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து கொச்சிக்கு வந்து தொழில் செய்யும் தமிழர்கள் படிப்பதற்காக அதைத் தமிழில் பெயர்க்க வேண்டும் என்பது உத்தரவு. ஐந்து பக்கங்கள் தடையின்றி ஓடின. ஆறாம் பக்கத்தில் ஒரு தலைப்பு வந்தது. அதைச் 'சுமையின்கீழ்ச் சக்தி இழத்தல்' என்று எழுதினோம். எழுதியதைத் திரும்ப வாசித்தபோது நமக்கே அது விளங்கவில்லை. சுமை என்பது மீனா, ஆட்களா, பனிக்கட்டியா? எஞ்சினின் மீது யார் எதை ஏற்றுகிறார்கள்? அகராதியைப் புரட்டினோம், அதிலும் சுமை என்றுதான் இருந்தது.

விளங்காததை விளங்காதபடியே பெயர்த்து அனுப்பும் வழக்கம் நம் தொழிலில் இல்லாமலில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்படுகிறோம். அன்று ஏனோ மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு துறைமுகக் கரைக்குப் போனோம்.

அங்கே, கண்ணாடி இழையால் ஆன ஒரு வள்ளத்தின் ஓரத்தில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார் மேற்சொன்ன பெரியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாம் நம் தமிழை வாசித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "சாரே, இது நம்ம பாஷைதானா?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். 'படகின் பின்பகுதி' என்று நாம் எழுதியிருந்ததை அவர் 'அமரம்' என்றார், முன்பகுதி 'அணியம்'. எரிபொருள் தொட்டியின் 'காற்றோட்டத் துவாரம்' அவர் வாயில் 'மூச்சுத்துளை' ஆயிற்று. இத்தனை அழகிய சொற்கள் கடற்கரையில் உயிரோடு இருக்க, நாம் மேசையருகே அமர்ந்து கல்லுடைத்துக்கொண்டிருந்தோம்.

சுமை பற்றிய பக்கத்தை மட்டும் அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். படித்தோம். "எங்க எஞ்சினுக்கு வந்திருக்கிற தீனமே இதுதான்" என்றார்.

இவ்விடத்தில் அந்த எஞ்சினின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அது இரு சிலிண்டர் கொண்ட, பத்துக் குதிரைச் சக்திக்குச் சற்றுக் குறைந்த, பெட்ரோலில் ஓடும் எஞ்சின். கடனில் வாங்கியது. வெறும் படகில் ஓட்டினால் கிண்ணென்று ஓடும். மீனும் நனைந்த வலையும் ஏறிவிட்டால், சிறிது தூரம் நன்றாகப் போய்ப் பிறகு குரல் தாழ்ந்து, இழுக்க மாட்டாமல் முனகும். கைப்பிடியைத் தளர்த்திச் சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி பிடிக்கும், மறுபடி சோரும். ஒரு பட்டறைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே எஞ்சினை நீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். பீப்பாயில் அது குறையின்றி ஓடிற்று. ஆகவே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, வளையங்களை மாற்றி, பல ஆயிரம் ரூபாயும் பெற்றுக்கொண்டார்கள். பட்டறைக்காரர் பேசியது மலையாளம். எஞ்சினோடு வந்த புத்தகம் ஆங்கிலம். மாமனுக்கும் மருமகனுக்கும் மலையாளம் தெரியும். ஆயினும், "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு பட்டறைக்காரரைக் குறுக்கே கேட்பதற்கு வேண்டிய மலையாளம் வேறு, மீன் விற்கப் போதுமான மலையாளம் வேறு. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மில் எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சின் வீடு திரும்பியது. நோயும் அதனோடு திரும்பியது.

பெரியவர் நம்மையும் ஒருநாள் கூட வரும்படி அழைத்தார். நவம்பர் மாதத்தில் ஒரு விடுமுறை நாள். விடியுமுன் நால்வராகப் புறப்பட்டோம். நீர் வற்றிக்கொண்டிருந்த வேளையாதலால் நீரோட்டமே படகைக் கடலுக்கு இழுத்துச் சென்றது. எஞ்சினுக்குப் பாதி வேலைகூட இல்லை. மாலையில் திரும்பும்போது மறுபடியும் வற்றுநீர். இம்முறை அது எதிர்நீர். மீன்பாடும் தாராளமாக இருந்தது. மேற்கேயிருந்து வந்த கடற்காற்று அலையை உள்ளே தள்ள, உள்ளிருந்து வந்த நீர் அதை எதிர்த்து நிற்க, அழிமுகத்தின் ஓரமெல்லாம் அலைகள் செங்குத்தாக எழுந்தன. அழிமுகம் என்பது மலையாளச் சொல். நாம் முகத்துவாரம் என்கிறோம். அன்று நமக்கு அழிமுகம் என்பதே பொருத்தமாகத் தோன்றிற்று.

கரை நோக்கி வரும் படகுக்கு அலை பின்னாலிருந்து வருகிறது. எஞ்சினுக்கு வலு இருக்குமளவும் படகு நேரே ஓடும். வலு குன்றினால் அலை அமரத்தைப் பற்றித் திருப்பிப் படகைக் குறுக்கே கிடத்திவிடும். அடுத்த அலை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சரியாக அந்த இடத்தில்தான் எஞ்சின் முனகத் தொடங்கியது. வல்லார்பாடம் நோக்கிப் பெட்டகக் கப்பல் ஒன்று கால்வாயில் வந்துகொண்டிருந்தது. அத்தகைய கப்பல் நமக்காக விலகாது. ஆழம் வெட்டிய வழியை விட்டு விலக அதனால் இயலாது.

பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் துடுப்பை அமரத்தில் ஊன்றிப் படகின் முதுகை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மக்கா, பம்பைப் பிடி" என்றார். தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் நடுவே, கையால் அழுத்தும் குமிழ் ஒன்று இருக்கும். எஞ்சினைக் கிளப்புமுன் பெட்ரோலை ஏற்றுவதற்காக அமைந்தது அது. மருமகன் அதைப் பற்றி விடாமல் பிசைந்தான். பிசையப் பிசைய எஞ்சினின் குரல் உயர்ந்தது. கை ஓய்ந்தால் தாழ்ந்தது. கால்வாயைக் கடந்து அமைதியான நீருக்கு வரும்வரை, ஏறத்தாழ இருபது நிமிஷம், அவன் பிசைந்துகொண்டே இருந்தான். நாம் என்ன செய்தோம் என்றால், பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அன்றிரவு கரையில் அமர்ந்து அந்த ஆறாம் பக்கத்தை மூவருமாகப் படித்தோம். சுமை என்பதன் பொருள் அப்போது நன்றாக விளங்கிற்று. எஞ்சினுக்குச் சுமை மீனன்று. விசிறி தள்ள வேண்டிய நீரே அதன் சுமை. இதிலே ஒரு கணக்கு உண்டு. விசிறி சுற்றும் வேகம் இரட்டித்தால், அதற்கு வேண்டிய சக்தி இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய எட்டு மடங்காகும். வேறுவிதமாகச் சொன்னால், முழு வேகத்தில் பத்துக் குதிரைச் சக்தி கேட்கும் விசிறி, பாதி வேகத்தில் ஒன்றேகால் குதிரைச் சக்தியோடு திருப்தி அடைந்துவிடும். ஆகவே பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று சொல்வது, நோயாளியைப் படுக்க வைத்தே பார்த்துவிட்டு மலையேற அனுமதி கொடுப்பது போலாகும். பெட்ரோல் வழியில் பாதி அடைபட்டிருந்தாலும் அந்த ஒன்றேகால் குதிரைக்கு அது போதும். பத்தும் தேவைப்படும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். பட்டறைப் பீப்பாய் ஏமாற்றியதன் காரணமும் இதுவே.

இனி, நோயைக் கண்டறியும் முறைக்கு வருவோம். முதற் கருவி காது. வலு குறையும்போது எஞ்சினின் சுற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். சுற்று ஏறிச் சத்தம் கூவலாகி, படகு மட்டும் முன்னேறவில்லையென்றால், எஞ்சினில் குற்றமில்லை. விசிறி நீரைப் பிடிக்கவில்லை. சுற்று இறங்கி முனகினால், ஒன்று எஞ்சினுக்கு உணவு போதவில்லை, அல்லது தீப்பொறி சரியில்லை, அல்லது அதன் வலிமைக்கு மேற்பட்ட வேலை அதன்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. இந்த ஒரு கேள்வியைப் பட்டறையிலே கேட்டிருந்தால் பெரியவரின் பணம் மிஞ்சியிருக்கும்.

முனகும் வகையிலும் வேற்றுமை உண்டு. முழு வேகம் கொடுத்தவுடன் நன்றாகப் பாய்ந்து, ஓரிரு நிமிஷம் கழித்துச் சோர்ந்து, சற்று ஓய்வு கொடுத்ததும் மீண்டால், அது பெரும்பாலும் பெட்ரோல் பஞ்சம். கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில் தேங்கியிருப்பது தீருமளவும் ஓடுகிறது. தீர்ந்ததும் வரவு போதாமல் சோர்கிறது. ஓய்வில் கிண்ணம் மறுபடி நிரம்புகிறது. மாறாக, முழு வேகம் கொடுத்த கணத்திலிருந்தே திக்கித் திணறி உதறினால், ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்று ஐயுறலாம். நெடுநேரம் ஓடிய பின் சோர்ந்தால், சூடேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் பக்கத்திலிருந்து நூல் போலப் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்திருந்தாலோ நின்றிருந்தாலோ, உடனே அணைத்துவிட வேண்டும். நீர் உள்ளே புகும் சல்லடையில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருப்பது நம் துறைமுகங்களில் அடிக்கடி நேர்வது. புது எஞ்சின்கள் சில சூடேறினால் தம்மைத் தாமே மெதுவாக ஓடச் செய்துகொள்ளும். அதை வலுக்குறைவு என்று தவறாக எண்ணிவிடலாகாது.

நம் படகில் நடந்தது முதல் வகை என்பது குமிழைப் பிசைந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் பஞ்சம் எங்கே? அதையும் அந்தக் குமிழே சொல்லும். எஞ்சின் சோரும் வேளையில் குமிழ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், அடைப்பு குமிழுக்கும் தொட்டிக்கும் இடையே இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிறது, வரவில்லை என்று பொருள். குமிழ் கெட்டியாக நிரம்பியிருந்தும் எஞ்சின் பசித்தால், குற்றம் குமிழைத் தாண்டி, வடிகட்டியிலோ எஞ்சினின் பம்பிலோ கார்புரேட்டரின் நுண்துளையிலோ இருக்கிறது. எத்தனை அழுத்தினாலும் குமிழ் கெட்டிப்படாமல் தளதளவென்று இருந்தால், இணைப்பு ஏதோ ஒன்றின் வழியே காற்றை விழுங்குகிறது என்று கொள்ளலாம். குமிழின் உள்ளே உள்ள வால்வு கெட்டிருந்தாலும் அப்படியே.

மருமகனுக்கு நினைவு வந்தது. "சப்பையாத்தான் இருந்துச்சு மாமா. ஒவ்வொரு தடவையும் அதுவா எந்திரிக்க நேரம் ஆச்சு."

மறுநாள் அதிகாலையில், அலுவலகம் செல்லுமுன், கரையிலேயே சோதனை வைத்தோம். படகின் அமரத்திலிருந்து வலுவான கயிற்றைத் துறையின் கற்றூணில் கட்டி, விசிறிக்குக் கீழே ஆழமும் பின்னால் ஆள் நடமாட்டமின்மையும் பார்த்துக்கொண்டு, கியரில் போட்டு முழு வேகம் கொடுத்தார் பெரியவர். கட்டுண்ட படகு நகராததால், கடலுக்குப் போகாமலே எஞ்சின்மீது முழுச் சுமையும் விழுகிறது. மூன்றாம் நிமிஷத்தில் பழைய முனகல் வந்தது, குமிழ் சப்பிற்று. உடனே தொட்டியின் மூடியைத் தளர்த்தினோம். மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்தியதுமே குணமாகிவிடும். இது மிகச் சாதாரணமான குற்றம், புறப்படும் அவசரத்தில் திருகைத் திறக்க மறப்பதும் உண்டு. நம் எஞ்சின் குணமாகவில்லை. அடுத்து, பக்கத்துப் படகின் தொட்டியையும் குழாயையும் கேட்டு வாங்கி மாட்டினோம். பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓடிற்று. முனகல் இல்லை. எஞ்சின் நிரபராதி என்பது தீர்ந்தது. பிறகு நம் தொட்டியையே பக்கத்துக் குழாயோடு இணைத்தோம். அப்போதும் ஓடிற்று. ஆகவே குற்றவாளி குழாய்.

குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தோம். வெடிப்பில்லை, ஒழுக்கில்லை. வாயால் ஊதினால் காற்றுத் தாராளமாகச் சென்றது. பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, கத்தியை எடுத்து அதை நெடுக்காகக் கீறினார். உள்ளே, மெல்லிய உட்பூச்சு ஒன்று குழாயின் சுவரிலிருந்து உரிந்து நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பெட்ரோல் போனால் அது ஒதுங்கி வழிவிடும். வேகமாக உறிஞ்சினால் எழுந்து வழியை மூடும். ஊதினால் தெரியாது, உறிஞ்சினால்தான் தெரியும். மாலை வெயிலில் ரப்பர் இளகும்போது இன்னும் எளிதாக மூடியிருக்கும். காலையில் நலமும் மாலையில் நோயுமாக இருந்ததன் மர்மம் இதுவே.

உட்பூச்சு ஏன் உரிந்தது? நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் எனும் சாராயத்தைக் கலக்கும் அளவு 2022ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்தாகி, 2025இல் இருபதை எட்டியது. எத்தனாலுக்கு ஏற்றபடி செய்யப்படாத பழைய ரப்பர்கள் அதில் ஊறி உப்புவதும் உரிவதும் உண்டு. மேலும், எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடற்காற்றில் நெடுநாள் கிடக்கும் தொட்டியில் நீர் மிகுந்துவிட்டால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாயும் அடியிலேதான் இருக்கிறது. ஐயமிருந்தால், தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள்.

புதுக் குழாயும் குமிழும் வாங்க ஆன செலவு, வளையங்களுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பகுதிதான். பெரியவர் பட்டறைக்குப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. கீறிய குழாயை மட்டும் கொண்டுபோய் அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாராம்.

குமிழைப் பிசைந்தே ஓட்டிவிடலாமே என்று சிலர் எண்ணுவர். உயிர் தப்ப வேண்டிய நேரத்தில் செய்யலாம், வழக்கமாகக் கொள்ளலாகாது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்டிரோக் எஞ்சினுக்கு, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது என்றே பொருள். பசியோடு முழு வேகத்தில் ஓடும் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும். அப்போது வளையங்கள் மாற்றுவதோடு தீராது.

பிளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. முழுச் சுமையில் ஓட்டி அணைத்தவுடன் கழற்றிப் பார்த்தால் அவை பேசும். இளம் பழுப்பு நிறமாயின் நலம். ஒன்று மட்டும் கரியும் ஈரமுமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி இல்லை. வெளுத்து வறண்டிருந்தால் பெட்ரோல் போதவில்லை. பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோக உடலை எஞ்சினில் நன்கு தொட்டிருக்கச் செய்வதோடு, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அதைச் செய்யாதிருத்தலும் அவசியம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் பிளக்குகள் விரைவில் கரி பிடிக்கும்; அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். மரை பிசகாமல் திருக வேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இனி, சுற்று ஏறியும் படகு போகாத வகை. பல எஞ்சின்களில் விசிறியின் நடுவே உலோகக் குழலுக்கும் இலைகளுக்கும் இடையே ரப்பர்ப் பிணைப்பு ஒன்று இருக்கும். பாறையில் மோதினால் பல்சக்கரம் உடையாமல் காப்பது அதன் வேலை. அது தளர்ந்துவிட்டால் மெதுவாகப் போகையில் பிடிக்கும், வேகம் கூட்டினால் வழுக்கும். உட்குழலிலிருந்து வெளி உடல்வரை குறுக்கே ஒரு வண்ணக் கோடு தீட்டுங்கள். முழுச் சுமையில் ஓட்டித் திரும்பியதும் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் பிணைப்பு வழுக்குகிறது. இதைவிட எளிய சோதனை நாம் கண்டதில்லை. விசிறியில் கை வைக்குமுன் எஞ்சினை அணைத்துப் பிளக்குக் கம்பிகளையும் கழற்றிவிடுவது விரலுக்கு நல்லது.

எஞ்சின் உயரமாக மாட்டப்பட்டிருந்தாலும், மீனையெல்லாம் அணியத்தில் குவித்து அமரம் தூக்கிக்கொண்டாலும், விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சி வீணே சுற்றும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். இலைகளின் ஓரம் நசுங்கியிருந்தால் வேறொன்று நிகழும்: அங்கே அழுத்தம் மிகக் குறைந்து, குளிர்ந்த நீரே ஆவிக் குமிழ்களாகக் கொதிக்கும். இவ்விரண்டுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆங்கிலம் பேசுவோரே ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைக்கிறார்கள் என்று அறிந்தபோது, மொழிபெயர்ப்பாளருக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று. 'காற்று விழுங்குதல்', 'குமிழ் கொதித்தல்' என்று எழுதினோம்.

எஞ்சினும் விசிறியும் நலமாயிருந்தும் சுற்று ஏறவில்லையென்றால், படகைக் கரையேற்றி அடியைப் பாருங்கள். கொட்டலசும் பாசியும் படிந்த படகு, கண்ணுக்குத் தெரியாத பாரத்தை இழுத்துச் செல்கிறது. கண்ணாடி இழைப் படகுகளில் இரு சுவர்களுக்கிடையே நீர் புகுந்து தேங்குவதும் உண்டு. விசிறியின் புரி எட்டையும் கவனிக்க வேண்டும். திருகாணி மரத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ அதுபோல, விசிறி ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம் அது. அங்குலத்தில் விசிறியிலேயே பொறித்திருக்கும். பாரம் இழுக்கும் படகுக்கு எட்டு குறைந்த விசிறியே ஏற்றது. ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்றுகள் கூடும். முழு வேகத்தில் எத்தனை சுற்று வர வேண்டும் என்பது எஞ்சின் புத்தகத்தில் இருக்கிறது. வழக்கமான பாரத்தோடு ஓட்டும்போது அது வர வேண்டும், வெறும் படகில் வந்தால் போதாது.

அழுத்தச் சோதனையையும் வளையங்களையும் நாம் கடைசியில் வைப்போம். அவை தேய்வதில்லை என்பதன்று. செலவில்லாத சோதனைகள் பத்து இருக்கையில், செலவுள்ள தீர்ப்பிலிருந்து தொடங்குவானேன்? சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்க ஒரு சிறு மானியே போதும். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

1952இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் மோட்டார் படகுகளைக் கொண்டுவந்தது. இக்கரை வள்ளங்களின் அமரத்தில் அவுட்போர்டு எஞ்சின் பரவலாக ஏறியது 1980களில். பெரியவர் பாயும் துடுப்புமாகத் தொழில் தொடங்கியவர். அன்று அழிமுகத்தில் நம்மைக் காத்தது அவர் பழைய கல்வியே என்று நாம் நினைக்கிறோம். ஆகையால் எஞ்சின் எத்தனை புதிதாயினும் படகில் துடுப்பு ஒரு ஜோடி, நங்கூரமும் போதிய கயிறும், மாற்றுப் பிளக்குகள், குமிழோடு கூடிய மாற்றுக் குழாய் ஒன்று இருக்கட்டும். உயிர்காப்பு அங்கியை இருக்கையின் அடியில் செருகி வைக்காமல் அணிந்துகொள்ளுங்கள். கடலோரக் காவற்படையை அழைக்கும் இலவசத் தொலைபேசி எண் 1554. வி.எச்.எப். ரேடியோ இருந்தால் 16ஆம் வழியில் அபாயச் செய்தி சொல்லலாம். எஞ்சின் சோரத் தொடங்கும்போதே அழையுங்கள். முற்றிலும் நிற்கட்டும் என்று காத்திராதீர்கள்.

பிரசுரத்தை முதலிலிருந்து திரும்ப எழுதினோம். ஆறாம் பக்கத்தின் தலைப்பு 'பாரம் ஏறினால் எஞ்சின் இழுக்கவில்லையா?' என்று ஆயிற்று. மேலதிகாரி அதைப் பார்த்து, இது அரசாங்கத் தமிழாக இல்லையே என்று ஐயுற்றார். அமரம், அணியம் என்ற சொற்களுக்கு எதிரே கேள்விக்குறி இட்டார். அவருக்குப் பழைய அகராதியை எடுத்துக்காட்டி இசைவு பெற இரண்டு வாரம் பிடித்தது. அச்சான பிரதிகளில் பத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனபோது பெரியவர் கடலில் இருந்தார். மருமகனின் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறாம் பக்கத்தை அங்கேயே நின்றபடி உரக்கப் படித்தாள். வாசலில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இருவர் வேலையை நிறுத்திவிட்டு, "குமிழ் சப்பினா எந்தப் பக்கம் அடைப்புன்னு போட்டிருக்கு? அதை இன்னொரு தடவை படி" என்றார்கள்.